கெரைக்கரையில் அழைப்புப் பாட்டு

அரண்மனைக் குதிரை லாயத்தில் புல் சுமக்கிற வேலைக்கென்று ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்த குடும்பங்கள் நஜர்பாத்தில் ஒரே சந்தில் குடியிருந்தன. சந்து முனையில் ஓட்டுக்கூரையோடு சின்ன மாரியம்மன் கோயில். சித்திரை நோன்பில் காரஞ்சிக் கெரை என்கிற ஏரிக்குப் போய், கும்பத்தில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, அம்மனை அதற்குள் அழைத்து வருவார்கள். மந்திரம் கிந்திரம் ஒன்றும் கிடையாது. பாட்டுதான் அழைக்கும். பாட்டு முடியாமல் கும்பத்தைத் தரையிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டைச் சாமியாத்தாள் பாவாடை கட்டிய வயதிலிருந்து பாடி வந்தாள். அவளுக்குக் கனத்த தொண்டை. புல்லுக்கட்டோடு பாடிக்கொண்டே லாயத்துக்குள் நுழைவாள். "உனக்குப் பயந்துதான் குதிரையெல்லாம் ஒழுங்கா திங்குது" என்று புருசன் கரியப்பன் கேலி பேசுவான்.

கரியப்பன் மார்கழிக் காய்ச்சலில் போய்விட்டான். சாமியாத்தாள் வெள்ளைச் சீலைக்கு மாறினாள்.

மாசியில் சந்துக்குள் அம்மை வந்தது. தர்மகர்த்தா மல்லப்பன் விறகுக்கடை வைத்திருந்தவர். அவருடைய மருமகளுக்கு முத்துப் போட்டு உடம்பெல்லாம் கொதித்தது. சாமியாத்தாளைத்தான் கூப்பிட்டார்கள். வேப்பிலையால் வருடிக்கொண்டே அம்மன் தாலாட்டைப் பாடினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பாடினாள். மல்லப்பன் வாசல்வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

நோன்பு சாட்டியதும் அடுத்த வீட்டுப் பாப்பாயி வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, இந்த வருசம் நீங்க கெரைக்கு வர வேண்டாமாம். பம்பைச் சத்தம் போதும்னு மல்லப்பன் மாமா சொல்றாரு."

"யாருக்குப் போதுமாம்? அம்மனுக்கா, அவருக்கா?"

பாப்பாயி சீலைத் தலைப்பைத் திருகினாள்.

அன்றைக்குச் சாமியாத்தாளுக்கு அடுப்புப் பற்ற வைக்க மனசில்லை. புருசன் போனதை அழுது தாங்கிக்கொண்டாள். பாட்டும் போனால் அவளிடம் என்ன இருக்கிறது? அம்மனே வேண்டாம் என்றால் சரி. இவர் யார்?

நோன்பன்று விடிந்ததும் தலைமுழுகி, ஈரக்கூந்தலோடு கெரைக்குப் போனாள். கும்பம் தயாராக இருந்தது. சித்தையன் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். மல்லப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"சாமியாத்தா, சொல்லி அனுப்பினேனில்ல? தாலியறுத்தவ வாயால அம்மனைக் கூப்பிட்டா ஊருக்கு ஆகுமா?"

"ஏனுங்ணா, தாலி கழுத்துக்கு வர்றதுக்கு முந்தியே இந்தப் பாட்டு எனக்கு வந்திருச்சுங்க. தாலி போனா அது எதுக்குப் போகோணும்?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"மாசி மாசத்துல உங்க மருமக கட்டிலோரம் உக்காந்து பாடினேனே, அப்பவும் இதே வெள்ளைச் சீலைதானுங்களே கட்டியிருந்தேன். அன்னைக்கு வந்த அம்மா இன்னைக்கு வர மாட்டாளா?"

மல்லப்பன் முகம் கறுத்தது. "சித்தையா, அடிடா பம்பையை!" என்று கத்தினார்.

சித்தையன் குச்சியை இடுப்பில் செருகினான். "பாட்டில்லாம எதை அடிக்கிறதுங்க? கல்யாண அடியா, எழவு அடியா? நீங்களே சொல்லிப்போடுங்க."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மல்லப்பன் பூசாரி நஞ்சுண்டசாமியைப் பார்த்தார். அவரோ கும்பத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்பிட்டு அம்மா இதுநாள்வரைக்கும் வந்ததில்லீங்க" என்றார்.

சாமியாத்தாள் யாருடைய உத்தரவுக்கும் நிற்கவில்லை. மல்லப்பனைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீரோரம் நின்று, கண்ணை மூடித் தொண்டையைத் திறந்தாள். முதலடி கரகரத்தது. இரண்டாவது அடி தண்ணீர்மேல் போய் எதிர்க்கரையைத் தொட்டது. பம்பை சேர்ந்துகொண்டது. மல்லப்பனின் மருமகள் குலவையிட்டாள். அதன்பின் எல்லாப் பெண்களும் இட்டார்கள்.

பாட்டு முடிந்தது. கும்பம் எழுந்தது.

மல்லப்பன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருசமும் சொல்லவில்லை. சாமியாத்தாளும் கேட்கவில்லை. குரல் இருந்த மட்டும், சித்திரை வந்தால் வெள்ளைச் சீலையோடு முதல் ஆளாகக் கெரைக்கரையில் போய் நின்றாள்.