எட்டு நாள் முந்திய கரும்பு

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் டைப்பிஸ்ட். யார் வயலில் என்றைக்குக் கரும்பு நட்டார்கள் என்ற பதிவேடு என் பொறுப்பு. நட்ட தேதி வரிசையில்தான் வெட்டு உத்தரவு போகும். முறை தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். முந்தின வருஷம் அப்பாவின் முறையை யாரோ தாண்டிவிட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதிலிருந்து அந்த ஆலையில் நான் சுவர்க் கடிகாரத்தைக்கூட நம்பியதில்லை.

பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள்.

"ரெண்டு எதுக்குங்க?"

"ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் ஏறும் மேடம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஓடும்."

எனக்குச் சுருக்கென்றது. வயலுக்குப் போய் நட்ட தேதி குறித்து வரும் ஃபீல்டுமேன்களில் இரண்டு நோட்டு வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒன்று ஆபீசில் காட்ட, இன்னொன்று வேண்டியவர்களுக்கு.

டேப்பிலிருந்து சிஸ்டத்தை ஏற்றுவதற்கு முன், இரண்டு டிஸ்க்கையும் ஒரே மாதிரி இன்ஜினியரே பாகம் பிரித்தார்: சிஸ்டத்துக்கு இவ்வளவு, பதிவேட்டுக்கு இவ்வளவு. ஒவ்வொரு பாகமும் எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று தாளில் எழுதிக்கொண்டார். ஒரு எண் பிசகினாலும் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுமாம். அது புரிந்தது, எங்கள் ஊர் வரப்புத் தகராறெல்லாம் அதுதானே. கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் நின்றது.

"அது யாருக்குங்க?"

"யாருக்கும் இல்லீங்க, பின்னாடி தேவைப்படும்."

அந்தப் 'பின்னாடி'யை நான் நம்பவில்லை. எண்களை என் நோட்டிலும் குறித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். சிரிக்கிறவரை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பதிவேட்டையும் ஏற்றியபின் நான் ஒரு சோதனை வைத்தேன். அப்பாவின் வயலைத் திரையில் வரவழைத்து, நட்ட தேதியை எட்டு நாள் முன்னுக்கு மாற்றினேன்.

"இப்ப மொதல் டிஸ்க்கைக் கழட்டிட்டு, ரெண்டாவதுல மட்டும் ஓட்டிக் காட்டுங்க."

முகம் சுளிக்காமல் செய்தார். இரண்டாவதிலும் நான் மாற்றிய தேதியே இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். கழற்றியதை மாட்டி, இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

வெட்டு தொடங்கிய மாதம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர்.

"ஏம்மா, உங்கப்பாவுக்கு நாந்தானே வெதைக்கரணை குடுத்தேன்? நான் நட்டு நாலு நாள் கழிச்சுத்தான் அவரு நட்டாரு. வெட்டு மட்டும் அவருக்கு எப்படி முன்னால வந்துச்சு?"

திரையைப் பார்த்தேன். எட்டு நாள். நான் திருப்பி மாற்றவே இல்லை.

"டெஸ்டுக்குப் போட்டதுங்க மாமா. மறந்துட்டேன்."

அவர் என்னைச் சந்தேகமாக அளந்து பார்த்தார். ஊரையே நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன்.

தேதியைத் திருத்தினேன். அதற்குள் அப்பாவின் கரும்பு ஆலைக்குள் போய்விட்டது. வெட்டாட்களும் வேறு ஊருக்குப் போய்விட, மாமாவின் கரும்பு பூத்து, எடை இறங்கி நின்றது. வேலைக்குப் போகிற வழியில் தினமும் அதைப் பார்த்தேன்.

மறந்துதான் போனேன். ஆனால் சோதனைதானே, தேதியை எட்டு நாள் பின்னுக்கும் தள்ளியிருக்கலாம். என் கை ஏன் முன்னுக்குப் போனது?