ஈரக் கார்பெட்

தர்மபுரியில் ஒரு வணிக வளாகத்தில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூன்றாம் மாடியிலுள்ள நிதி நிறுவன அலுவலகம் முழுக்கக் கார்பெட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரை போட்டுக் கழுவ வேண்டும். காய ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். எந்த ஞாயிறு, யார் வர வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை.

மெஷின் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றார்.

"இந்த ஞாயித்துக்கெழம மட்டும் வேணாங்க மேடம். ஏரியூர்ல அம்மாவுக்கு மூச்சு வாங்குதாம். நாளைக்கி சாயங்காலம் போயிட்டு வந்தர்றனுங்க."

திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இத முடிச்சிட்டுப் போங்கக்கா," என்றேன்.

"செரிங்க," என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பாதி அறை நனைந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் நுரை. "நீங்களே எடுங்க மேடம்," என்றார். அவருடைய தம்பி. அழுதுகொண்டே சொன்ன செய்தியை முதலில் கேட்டவள் நான்.

"ரொம்ப முடியலையாம்க்கா, கெளம்புங்க," என்றேன். அம்மா போய்விட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தி, வயரைச் சுற்றி, அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

"தேங்குனா நாறுமுங்க," என்று கொட்டிவிட்டே வந்தார். பஸ் ஸ்டாண்டு வரை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் போய் மீதிப் பாதியை நானே கழுவினேன். திட்டுத் திட்டாகத்தான் வந்தது. மறுநாள் வந்த அதிகாரிகள் யாரும் தரையைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"சனிக்கெழம போயிருந்தா அம்மாகிட்ட பேசியிருப்பனுங்க," என்றார் குனிந்து பெருக்கிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த பட்டியல் போடும்போது, எந்த ஞாயிறு தோதுப்படும் என்று முதலில் அவரைத்தான் கேட்டேன்.

"எதுனாலும் போடுங்க மேடம். இனி ஊருக்குப் போற வேல இல்ல."