அரைகுறையாய் வேலை செய்த கேபிள்

நாவற்குடாவில் ஒரு வீட்டின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். நானும், காத்தான்குடியிலிருந்து வரும், நான் 'நானா' என்று அழைக்கும் அண்ணன் ஒருவரும் அங்கே வேலை செய்கிறோம். சர்வர்களைத் தூரத்தில் இருக்கும் டிஸ்க் பெட்டிகளோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவதே எங்கள் வேலை. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு கேபிள்கள். ஒன்று அறுந்தால் மற்றதன் வழியே தரவு போகவேண்டும்.

போன வருடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், சர்வர் அடிக்கடி திணறி நிற்கிறது என்று முறையிட்டார். எங்கள் சர்வரில் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். டிரைவர் உடனே மற்றதற்கு மாறியது.

"நம்மட பக்கம் பிழை ஒண்டும் இல்ல நானா."

"பொறுங்க தங்கச்சி. அறுந்த கேபிளத்தானே பார்த்தீங்க. அரைவாசி பழுதான கேபிள் எண்டா?"

வாடிக்கையாளர் அனுப்பிய லாக்கை, அதாவது சர்வரின் நிகழ்வுப் பதிவை, மறுபடி வாசித்தேன். டிஸ்கிலிருந்து தரவை வாசிப்பது தவறுகிறது, டிரைவர் திரும்பத் திரும்ப முயன்று ஒருவழியாக வெல்கிறது. வென்றதும் பிழைக் கணக்கைப் பூச்சியமாக்கிவிடுகிறது! கேபிள் எவ்வளவு மோசமானாலும் டிரைவருக்கு அது நல்ல கேபிள்தான்.

பிழைகளை மறக்காமல் சேர்த்து, அளவு மீறினால் அந்தப் பாதையை ஒதுக்கும்படி மாற்றினேன். சோதிக்க ஒரு பழுதான கேபிள் வேண்டுமே? நானா ஒளியிழைக் கேபிளை ஒரு பென்சிலில் இறுக்கிச் சுற்றினார். ஒளி கசிந்து பிழைகள் குவிந்தன. டிரைவர் அந்தப் பாதையை ஒதுக்கியது. கைதட்டினோம். கைதட்டி முடிவதற்குள் மற்றப் பாதையையும் ஒதுக்கிவிட்டது. சர்வர் அப்படியே படுத்தது.

நான் டிரைவர் நிரலில் பிழை தேடித் தேடிக் களைத்துப்போனேன். நானா மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்க!"

நான் உட்கார்ந்திருந்த கதிரையின் கால் நல்ல கேபிளின் மேல் ஏறி நின்றது.

"எழும்புங்க தங்கச்சி, கதிரய எடுப்பம்."

"வேணாம் நானா, கிடக்கட்டும். வெளியிலயும் இப்பிடி நடக்கும்தானே. ரெண்டுமே பழுதாப் போனா என்ன செய்யிற?"

"ரெண்டையும் ஒதுக்க ஏலா. பழுது குறைஞ்ச பாதையால போகட்டும்."

அதையும் எழுதினோம். சர்வர் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடியது. பிறகு கதிரையை நகர்த்தி, பென்சிலையும் கழற்றினோம். டிரைவர் சிறுசிறு வாசிப்புகளை அனுப்பிப் பார்த்தது. அவை தொடர்ந்து சரியாக வந்த பின்னரே இரண்டு பாதைகளையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

புதிய டிரைவரைப் போட்ட வாடிக்கையாளர் சில நாட்களில் அழைத்தார். எந்தக் கேபிள் மோசம் என்று டிரைவரே காட்டிக்கொடுத்ததாம். அதை மாற்றியும் விட்டார்களாம். இப்போது திணறலே இல்லையாம்.

நானா அப்போதே போய்ச் சுடச்சுடக் கொத்துரொட்டி வாங்கிவந்தார். மேசை முழுக்க வயர்கள். பழைய சர்வர் பெட்டி ஒன்றின் மேல் பார்சலைப் பிரித்து, நின்றபடியே சாப்பிட்டோம்.