ஈ மொய்க்காத பண்டம்

பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதைவிட முரட்டு மாட்டைக் குளிப்பாட்டிவிடலாம். அறுபதுகளில் செஞ்சியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த முதல் மாதமே எனக்கு இது தெரிந்துவிட்டது. மதிய உணவுச் சாம்பாரில் கீரை போடச் சொல்லிச் சமையல்கார அம்மாவிடம் தினமும் மல்லுக்கட்டுவேன். பிள்ளைகளோ ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். கேட்டால், "அது ஆடு துன்றது டீச்சர்" என்பார்கள். கடைத்தெரு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிச் சோற்றைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து தயிர்சாதமும் அப்பளமும் வரும். தொண்டை கிழியக் கத்துவேன். தலைமை ஆசிரியர் செய்தித்தாளைத் திருப்பியபடி, "விடுங்கம்மா, பசிச்சா தானா சாப்புடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலையெல்லாம் நான் கொட்டியது பள்ளி வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மேல். மலையடிவாரத்தில் பறித்த நெல்லிக்காய், இலந்தைப்பழம், சீத்தாப்பழம், அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை என்று அன்றன்றைக்குக் கிடைப்பதைக் கோணியில் கூறு கட்டி விற்பாள். மேலே ஈ, பக்கத்தில் சாக்கடை. சுகாதாரப் பாடத்தை நெட்டுருப் போட்டுவிட்டு வந்த எனக்கு இது போதாதா?

"ஏம்மா, பிள்ளைங்களுக்கு வாந்தி பேதி வந்தா யார் பதில் சொல்றது? பண்டத்தை மூடி வச்சு வித்தா வா. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாதே" என்றேன்.

"நெல்லிக்காய இன்னான்னு டீச்சரம்மா மூடறது?" என்று கேட்டாள். நான் கையை நீட்டித் தெருவைக் காட்டினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஈறு வீங்கி, வாயைத் திறந்தாலே ரத்தம். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் கூழ், மதியம் பள்ளிச் சோறு, அவ்வளவுதான் அவள் சாப்பாடு. அந்தச் சோற்றையும் மெல்ல முடியாமல் அழுதாள். கீரையை ஒதுக்கினால் இப்படித்தான் என்று அதட்டினேன், பாவி நான். பிறகு நானே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"வைட்டமின் சி கொறைச்சல். பழம் ஏதாச்சும் சாப்புடறியா?" என்று டாக்டர் கேட்டார்.

"மின்ன தெனம் நெல்லிக்கா துன்னுவேன். வாசல்ல அந்தம்மா சும்மாவே குடுக்கும். இப்ப வர்றதில்ல" என்றாள்.

"அது போதுமேம்மா, அதையே குடுங்க" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கடைத்தெரு முழுக்கத் தேடினேன், நெல்லிக்காய் இல்லை. எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்து கொடுத்தேன். "எரியுது டீச்சர்" என்று துப்பிவிட்டாள்.

சனிக்கிழமை அந்தக் கூடைக்காரியின் குடிசையைத் தேடிப் போனேன். தப்பு என்னுடையது, நெல்லிக்காய் கொண்டுவா என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. டீச்சர் அல்லவா! "பழையபடி வாசலுக்கு வாம்மா" என்றேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கக் கூடாதா? இறங்கி வந்ததாகத் தெரியக்கூடாது என்று, "ஆனா மூடித்தான் விக்கணும்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் ஒரே கூட்டம். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கோணி இல்லை, கூடை இல்லை. தகர மூடி போட்ட நாலு கண்ணாடி ஜாடிகள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கழுத்துவரை சர்க்கரை மிட்டாய்.

"பாத்தீங்களா டீச்சரம்மா? வளத்த கோழிங்கள வித்துட்டு வாங்கியாந்தேன். ஒரு ஈ உள்ள பூந்துடுமா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நெல்லிக்காய்?" என்றேன்.

"அத்தத்தான் நீங்க வேணாம்னுட்டீங்களே. இனிமே மலப் பக்கமே போவ மாட்டேன்."

வளர்த்த கோழியை விற்றுவிட்டு வந்தவளிடம் என்ன சொல்வேன்? அதற்குள் ஈறு வீங்கிய அந்தப் பெண் கூட்டத்திலிருந்து என்னிடம் ஓடிவந்தாள். அவளுக்கு இன்றைக்கும் மிட்டாய் சும்மாதான் கிடைத்திருக்கிறது. வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்கச் சிவப்பு. சாயமா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

"டீச்சர், இது எரியவே இல்ல" என்றாள்.