ஒருவரும் இல்லாத ஒரு கிழமை

தை மாதத்தில் எங்கள் வேலையிடத்து இடைவேளை அறைக்குள் போனால் ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருக்கும். நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நத்தார் விடுமுறைக்குத் தெற்கே பறந்து போய் வந்த நோர்வேக்காரிகள், கோப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டி, யாருடைய கை கூடக் கறுத்திருக்கிறது என்று வரிசையாக நீட்டிப் பார்ப்பார்கள். மணிக்கூடு கட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்துவிட்டால் அது பெரிய வெற்றி. இந்த வருடம் என்னோடு வேலை செய்யும் பெரித் தன் கையைக் கொண்டுவந்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பார், இன்னும் ஒரு கிழமை நின்றிருந்தால் உன்னைப் பிடித்திருப்பேன்" என்றாள். அவித்த இறால் நிறத்தில் இருந்த அந்தக் கையைப் பார்த்து, நல்ல வடிவு என்று நானும் சொல்லிவைத்தேன். அம்மா கேட்டிருந்தால் தலையிலடித்திருப்பா. வெயிலுக்குள் திரியாதை, கறுத்துப் போவாய், ஒருத்தனும் கட்டமாட்டான் என்று குடை தந்து பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்த பிள்ளை நான். இங்கே அதே கறுப்பைத் தேடி விமானம் ஏறிப் போகிறார்கள். தோல் உரிந்து போக முன்னம் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று அந்தரப்படுகிறார்கள்.

போய் வரும் இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸீடன். தெற்கு என்று அர்த்தம். ஸ்பெயின் என்றாலும் துருக்கி என்றாலும் தாய்லாந்து என்றாலும் எல்லாம் ஸீடன்தான். அந்த நாட்டுச் சனம் யார், என்ன பாஷை பேசுது என்ற கவலையெல்லாம் கிடையாது. அங்கே போயும் நோர்வேக்காரன் நடத்தும் கடையைத் தேடிப் பிடித்து, நோர்வேக் கோப்பி குடித்து, நோர்வேப் பேப்பர் வாசித்து, கடற்கரையில் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் இன்னொரு நோர்வேக்காரனோடு ஒஸ்லோவின் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வருவார்கள். இதைப் பார்த்து முப்பது வருடமாக வாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். போன கார்த்திகையில் எனக்கே ஸீடனுக்குப் போகும் ஆசை வந்துவிட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் வைத்தியரைச் சாட்டினேன். விற்றமின் டி காணாது, வெயில் வேணும் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் சொல்லுகிற கதை. கோயிலில் சுகம் விசாரிப்பதே இப்போது விற்றமின் டியில்தான் தொடங்குகிறது. எனக்கு வெயில் பெரிய விசயமில்லை. அக்கா, மச்சாள், அன்ரி, மாமி என்று ஒருவரும் கூப்பிடாத ஓரிடத்தில் ஒரு கிழமை இருக்க வேண்டும். சமைக்கக் கூடாது. யாரோ வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

"நீ குளிருக்கு உன் நாட்டுக்கே போகலாம், எவ்வளவு அதிர்ஷ்டம்" என்று பெரித் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். நாங்கள் லீவு என்று ஊருக்குப் போவது, இங்குள்ளவர்கள் தந்துவிட்ட பார்சல்களை வீடு வீடாகக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து, ஒரு கலியாணமும் ஒரு செத்தவீட்டு அந்தியேட்டியும் முடித்து, நல்லாய் மெலிஞ்சு போனாய் என்று நூறு வாயால் கேட்டுவிட்டு வருவதற்கு. இத்தனை தரம் போயும் கடலைக் கண்டது வாடகைக்குப் பிடித்த வான் யன்னலால்தான். எங்களுக்குக் கடல் என்றால் மீன் வரும் இடம், சாம்பல் கரைக்கும் இடம். பிறகு அது நேவிக்காரனின் இடமாகப் போனது. ஆசைக்குப் போனது ஒரே ஒரு தரம், பள்ளிக்கூடத்தால் காரைநகருக்கு. பெடியங்கள் குதித்துக் கும்மாளம் போட்டாங்கள். பெண் பிள்ளைகளை, கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது என்று ரீச்சர் கரையில் வரிசையாக நிற்பாட்டினா. முன்னுக்கு நின்றவளின் இரட்டைப் பின்னலுக்கு இடையால்தான் நான் அன்றைக்குக் கடலைப் பார்த்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பேர்கனில் படிக்கும் மகள் ஆரணிதான் இடம் பார்த்துத் தந்தாள். ஸ்பெயின்காரரின் கிரான் கனாரியாத் தீவு, மாசி மாதம், எனக்கும் இவருக்கும் ஒரு ஹோட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, யன்னலைத் திறந்தால் கடல். "அம்மா, ஸ்லாப் ஆவ்" என்றாள். கொஞ்சம் ஆறுதலாய் இரு என்று அர்த்தம். "ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டு வாங்கோ." நான் சொல்லவில்லை. இவருக்குத்தான் வாய் கிடந்து அடிக்கும். தமிழ்க் கடைக்கு வெண்டிக்காய் வாங்கப் போன மனுசன் அங்கே கதையை அவிட்டுவிட்டு வந்துவிட்டார். வெண்டிக்காயைக் கழுவ முன்னமே போன் அடித்தது. இவருடைய தங்கச்சி வதனி, ஒஸ்லோவிலேயே ஸ்டோவ்னர் பக்கம் இருக்கிறவள்.

"என்ன மச்சாள், ரெண்டு பேரும் தனியப் போறியளாம்? உங்களுக்கும் அண்ணைக்கும் ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை வதனி. சும்மா போறம்."

"சும்மா எண்டால்?"

"சும்மா எண்டால் சும்மாதான்."

அவளுக்கு அது விளங்கவில்லை. எங்கள் சனத்தில் புருசனும் பெண்சாதியும் தனியப் போவதென்றால் ஒன்று கலியாணம் கட்டிய புதிசு, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. "பாவம், தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? நாங்களும் வாறம்" என்றாள்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிறு குரோருட்டில் எங்கள் வீட்டு ஹோலில் கூட்டம். வதனி குடும்பம், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் இவருடைய தம்பி குடும்பம், தம்பியின் பெண்சாதி வீட்டார் என்று பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நிற்கிறேன், அங்கே என்ர லீவைப் பிரித்து மேய்கிறார்கள். ஹோட்டல் வேண்டாம், அந்தச் சப்பைச் சாப்பாட்டை ஆர் தின்னுறது, குசினியோடு வீடெடுப்பம் என்று ஒரு குரல். சோறு அவிக்கிற குக்கர் ஒன்று காணாது, ரெண்டு வேணும் என்று இன்னொரு குரல். தேங்காய் அங்கே கிடைக்குமோ, திருவலை கொண்டுபோக விடுவாங்களோ என்று பெரிய ஆராய்ச்சி. பெரித் ஆட்கள் நோர்வேயைத் தெற்கே கொண்டுபோகிறார்கள் என்று சிரித்தேனே, எங்கட ஆட்கள் குரோருட், ஸ்டோவ்னர், மோர்டென்ஸ்ருட் மூன்றையும் சூட்கேசில் அடுக்கினார்கள். கடைசியில் வதனி சொன்னாள், குசினி வரைக்கும் வடிவாய்க் கேட்டது: "சமையலுக்கு என்ன யோசினை? மச்சாள் இருக்கிறா தானே." எல்லோரும் ஓமோம் என்றார்கள். இவரும் ஓம் என்றார்.

மறுநாள் பெரித்துக்குச் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்ற நம்பிக்கை. அவளுடைய கண் கலங்கிவிட்டது. "பதினான்கு பேரா! நீங்கள் எவ்வளவு நல்ல சனங்கள். நான் என் மகனைக் கூப்பிட்டேன், அவனுக்கு நேரமில்லை. தனியாகத்தான் போய் வந்தேன்." நான் சொன்னேன், "பாதிப் பேரை நீ எடுத்துக்கொள்." அவள் பகிடி என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை.

போவதற்கு இரண்டு நாள் முன்னம் இவர் குக்கரைத் துவாயால் சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"இஞ்சேரும், இதை உம்மடை சூட்கேசுக்கை வையும்."

"நான் வரேல்லை."

"பகிடி விடாதையும்."

"பகிடியில்லை. நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ. நான் வீட்டை நிக்கிறன்."

குக்கரைக் குழந்தைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். நீர் இல்லாமல் எனக்கென்ன கடல் என்று சொல்லியிருந்தால், பொய்யாகவேனும் சொல்லியிருந்தால், இரண்டு குக்கரையும் நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் கேட்டது, "அப்ப ஆர் சமைக்கிறது?"

அதோடு சரி. வதனி போனில் அழுதாள், பேசினாள், என்னுடைய மனம் கல்லு என்றாள். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். நான் வேலைக்கு எடுத்த லீவை எடுத்தபடியே வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். முதல் நாள் சொர்க்கம். பாணும் கட்டிச் சீஸும் தின்றேன். ஒரு கோப்பை கழுவவில்லை. பல்கனிக்கு வெளியே பனி கொட்டியது, ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டாம் நாளும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு அலுவலும் இல்லாமல் தே-பானே ரயில் எடுத்து ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்த் தாய் தன் மகனை, "சனியன், நில்லடா அங்கை" என்று பேசிக்கொண்டு போனாள். அதைக் கேட்டுக்கொண்டே மூன்று கடை தாண்டி அவளுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். வெட்கக்கேடு. இதற்கோ இவ்வளவு ஆட்டம் போட்டாய் என்று என்னையே பேசிக்கொண்டு திரும்பினேன்.

வந்து சப்பாத்துக் கழற்ற, வீடியோ அழைப்பு. வதனி. கடற்கரையில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, எங்கட பெண்டுகள் வெயிலுக்குத் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். குரோருட் ஹோலில் இருந்த அதே இருப்பு. இவர் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு சோறு குழைத்துக்கொண்டிருந்தார். குழைக்கவே தேவையில்லை, களிதான் என்றாள் வதனி. பிறகு, "மச்சாள், உங்களுக்கும் ஒரு கதிரை போட்டுத்தான் கிடக்குது. ஒவ்வொரு நாளும் அண்ணைதான் போடுறார்" என்றாள். இவர் நிமிரவில்லை. வதனி போனை அந்த வெறுங்கதிரையில் தண்ணீர்ப் போத்தலோடு சாத்தி வைத்துவிட்டுப் போய் இருந்தாள். நானும் வட்டத்தில் இருந்தேன். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு என்று சண்டை போட்டார்கள். தலைகளுக்கு இடையால் ஒரு கீற்று நீலம் தெரிந்தது.

"எல்லாரும் ஒருக்கால் தள்ளுங்கோ. நான் கடலைப் பாக்க வேணும்."

முணுமுணுத்துக்கொண்டு கதிரைகளை இழுத்தார்கள். திரை முழுக்கக் கடல். ஒரு தலை இல்லை, ஒரு பின்னல் இல்லை. நான் கேட்ட கடல் இதுதான். என் யன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. நான் குளிர்ச்சட்டையும் கழற்றாமல் நின்று அந்தக் கடலைப் பார்த்தேன். அலை வந்தது, போனது, திரும்பவும் வந்தது. அவர்களுடைய சத்தமும் அடங்கிவிட்டது.

"சரி, பாத்தது காணும்" என்றேன். "வந்து இருங்கோ."

வதனியின் பெரிய தலை வந்து கடலை மறைத்தது.