நான் போகாத போராட்டம்

அன்றைக்கு மையம் லீவு என்று ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். அங்கன்வாடிப் பெண்கள் எல்லோரும் மலை இறங்கிப் போராட்டத்துக்குப் போகிறோம், பிள்ளைகளைக் கொண்டுவராதீர்கள் என்று. தாய்மார்களும் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அரசாங்கத்துக்கு நாங்கள் ஊழியர்கள் இல்லை, தொண்டு செய்கிறவர்களாம். எங்களையும் ஊழியர் என்று சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

காலையில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. ஒருத்தி அப்போதுதான் தன் மகளை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு லீவுன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க டீச்சர். சாமை அறுப்பாச்சே, வூட்ல யாரு இருக்கா? இங்கியே வெளையாடிக்கினு இருக்கட்டும், நீங்க போய்ட்டு வாங்க."

சொல்லிவிட்டு அரிவாளோடு போயே போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளை என்னவென்று திட்டுவது? அவளுக்கும் வேறு வழி இல்லை. உதவியாளர் அக்கா முந்தின நாளே கீழே இறங்கிவிட்டார். மையத்துக்குப் பின்னால் சுவர் இல்லாத கிணறு. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் கதவைத் திறந்து அடுப்பை மூட்டினேன்.

மத்தியானம் சோறு போடும்போது மேற்பார்வையாளர் ஜீப்பில் வந்தார்.

"பரவால்லியே, நீங்களாவது தெறந்து வச்சிருக்கீங்களே!" என்று ஒரு போட்டோ எடுத்தார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு அது. நான் விஷயத்தைச் சொல்வதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு போன் வந்தது. பக்கத்து ஊர் மையத்தில் வேலை செய்யும் என் சிநேகிதி, போராட்டப் பந்தலிலிருந்து.

"இன்னா காரியம்டி பண்ணிட்ட? உன் போட்டோவக் காட்டித்தான் அதிகாரிங்க பேசறாங்க. மலைமேலயே மையம் நடக்குது, புள்ளைங்க மேல பாசம் இருக்கறவங்க வேலை பாக்கறாங்க, உங்களுக்கு இன்னா கேடுன்னு கேக்கறாங்க. நாங்க மூஞ்ச எங்க வச்சிக்கிறது?"

"நானா வேணும்னு தெறக்கலடி! அம்மாங்க வுட்டுட்டுப் போய்ட்டாங்க, நான் இன்னா..."

அழுகையும் ஆத்திரமுமாகக் குரல் உயர்ந்துவிட்டது. காலையில் வாசலில் இறக்கிவிடப்பட்ட அந்தப் பெண் குழந்தை என் மடியில் சிணுங்கியது. வாயை மூடிக்கொண்டு, அது திரும்பத் தூங்கும்வரை தட்டிக்கொடுத்தேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.