புல்லட்டைக் குளிப்பாட்டிய ஞாயிறு

எங்கள் வீட்டு நாய்க்குப் புல்லட் என்று பேர் வைத்தது நான்தான். பேருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். எங்கள் வீடோ அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. அங்கே பைக் சத்தம் கேட்காத நேரம் ஏது? ஆக, புல்லட் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தியது. கட்டில் அப்பாவுடையது.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் கடைக்காரர் சாலையோரம் கொட்டிய கழிவில் புல்லட் ஆசை தீரப் புரண்டுவிட்டு வந்தது. வந்தது கட்டிலுக்கு அடியிலாவது போயிருக்கலாம். அன்றைக்கென்று மேலேயே ஏறி, அப்பா கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல் சுருண்டு படுத்துவிட்டது. அப்பா சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். போனை எடுத்துப் பெரியப்பாவைக் கூப்பிட்டார். பெரியப்பாவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாந்தோப்பு இருந்தது. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை வந்து புடிச்சிக்கிட்டுப் போங்கண்ணா" என்றார் அப்பா.

நான் அழுதேன், புரண்டேன், ராத்திரி சாப்பிட மாட்டேன் என்றேன். தோப்பில் இருட்டு, பாம்பு, நரி எல்லாம் உண்டு. பைக்குக்கே நடுங்குகிற பிள்ளை அங்கே என்ன ஆகும்? கடைசியில் அப்பா ஓர் அங்குலம் இறங்கி வந்தார். "அண்ணன் வர்றதுக்குள்ள அந்த நாத்தம் போவட்டும். அப்பறம் பாக்கலாம்."

அம்மாவிடம் போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை. அவள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சனியனே என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் வெட்கம் கெட்டு, அந்தப் பேருக்கும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும்.

சனிக்கிழமை நானும் தம்பியும் காரியத்தில் இறங்கினோம். தம்பிக்கு ஆறு வயது. அவன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் போர் மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயைப் பிடித்து, நேராக அதன் தலையில் பீய்ச்சினேன். அடடா! தம்பி ஒரு பக்கம் விழுந்தான், கயிறு ஒரு பக்கம் போனது. புல்லட் கொடியில் காய்ந்த போர்வையில் ஓர் உதறு உதறி, பாயில் உலர்த்தியிருந்த கேழ்வரகில் நாலு கால் பாய்ச்சலில் ஓடி, சமையலறையைச் சுற்றிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மேலெல்லாம் கேழ்வரகு. ஈரம் பட்டதில் மீன் நாற்றம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலையில் அம்மாவே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் முந்தின நாள் மீந்த களி. அதில் ஓர் உருண்டையை எடுத்து, நாயின் வாய் எட்டும் உயரத்தில் கல்லின் பக்கவாட்டில் அறைந்து அப்பினாள். "தின்னு தொல" என்றாள்.

கேழ்வரகுக் களி கல்லில் ஒட்டினால் லேசில் வராது. புல்லட் நக்க ஆரம்பித்தது. நக்கியது, நக்கியது, உலகத்தையே மறந்து நக்கிக்கொண்டிருந்தது.

நான் ஓஸை எடுத்தேன். "அத கீழ போடுடி. அந்தச் சத்தத்துக்கே பாதி உசுரு போவுது அதுக்கு. போர் உப்புத் தண்ணில சோப்பு எங்கடி நொரைக்கும்?" என்று கத்திவிட்டு, வேப்பிலை போட்டுச் சூடாக்கியிருந்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். அது ஒகேனக்கல் தண்ணீர். நாலு நாளைக்கு ஒருதரம் வரும் குடிதண்ணீர். அதில் முகம் கழுவினதற்கே முதுகில் வாங்கியவள் நான்.

"தலையில ஊத்தாத! தல நனைஞ்சாதான் ஒதறும். கால்லருந்து மேல வா. மூஞ்சிக்குத் துணி போதும்." காதில் தண்ணீர் போகாமல் கையால் மூடிக்கொண்டு, என்னைத் திட்டினாள், நாயைத் திட்டினாள், மீன் கடைக்காரரை, அப்பாவின் சட்டையை, எல்லாரையும் திட்டித் தீர்த்தாள். கல்லில் களி தீர்வதற்குள் குளியல் முடிந்தது. ஒரு துளிகூட எங்கள் மேல் தெறிக்கவில்லை. நாற்றத்தைப் பார்த்துப் பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் இவள் இந்தத் தேய்ப்புத் தேய்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் பெரியப்பா பைக்கில் வந்தார், கையில் புதுச் சங்கிலியோடு. அப்பா புல்லட்டின் கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். வேப்பிலை வாசம்தான்.

"நாத்தம் போயிருச்சுதான்" என்று இழுத்தார். "ஆனா அண்ணன் அம்மாந்தூரம் வந்திருக்காரு. வெறுங்கையோட எப்பிடி அனுப்பறது?"

நான் புல்லட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அம்மா பெரியப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"மொதல்ல கூட்டிக்கிட்டுப் போங்க மாமா. புண்ணியமாப் போவும். ரெண்டு வருசமா நானும் சொல்றேன். இவருக்கு நாய வளக்கவா தெரியுது?"

பாவி! அந்த நிமிஷம் அவளை எனக்கு அவ்வளவு பிடிக்காமல் போனது.

அப்பா விறைத்துக்கொண்டு எழுந்தார். "ஏன், எனக்குத் தெரியாதா? என் வூட்டு நாய என்ன பண்ணணும்னு நீ சொல்லி நான் கேக்கணுமா? அண்ணா, நீங்க வேற நாய் பாத்துக்கங்க. இது எங்கயும் போவாது."

பெரியப்பா அம்மாவைப் பார்த்து ஏனோ சிரித்தார். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வெறும் சங்கிலியோடு கிளம்பினார்.

நான் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். அம்மாவோடு நாலு நாள் பேசவில்லை. உன் எதிரி யாரென்று தெரிந்து வைத்துக்கொள் என்று புல்லட்டுக்கும் எடுத்துச் சொன்னேன். அம்மா அவள் பாட்டுக்கு என் தலையைப் பிடித்து இழுத்து வாரிப் பின்னிவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் கழித்து எனக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. தர்மபுரியிலேயே படித்தால் போதும் என்று அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "நீங்க சொல்றதுதாங்க சரி. அம்மாந்தூரம் ஹாஸ்டலுக்கு அனுப்பற தைரியம் உங்களுக்கு ஏது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஏன், எனக்குத் தைரியம் இல்லையா? என் பொண்ணு கோயம்புத்தூர்லதான் படிப்பா!"

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள்:

"என்னமோ பண்ணுங்க. இந்த வூட்டுல நான் சொல்றத யாரு கேக்கறாங்க."